உதடு படாமல்

டார்ம்ஸ்டாட், ஜெர்மனி, நவம்பர் 1971, சனிக்கிழமை

ரகு சாதி பார்க்கிறான். இரண்டு வருடமாக என் அறைத்தோழன், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

இன்று லண்டனிலிருந்து அவன் அக்காள் கணவர் வந்தார். ஏல் என்ற ஆங்கிலேய பீர் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். "ரொம்ப ஸ்ட்ராங், மெதுவா குடிங்க," என்று தானே முதலில் வாய் வைத்துக் குடித்தார். ரகுவும் வாய் வைத்துத்தான் குடித்தான்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். அவர் ரகுவைத் திரும்பிப் பார்த்தார்.

பாட்டில் என்னிடம் வந்தது. முதலில் கருகிய வெல்லம், பிறகு உலர்ந்த திராட்சை. விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்தது, காது சூடேறியது. இந்த ஊர் பீரெல்லாம் இதன் முன் வெறும் தண்ணீர். "பிரமாதம்டா, இந்தா," என்று ரகுவிடம் நீட்டினேன்.

அவன் அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டான். நுரை மூக்கில் ஏறி, சட்டையெல்லாம் வழிந்தது.

"பீரைப் போய் எவனாவது தூக்கிக் குடிப்பானாடா?" என்று நான்தான் முதலில் சிரித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்து, இப்போது அடுத்த கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அவன் தலைமாட்டில் வைத்தேன். தூங்குகிறவன் இப்படி மூச்சை அடக்கமாட்டான். இரண்டாம் முறையும் சொல்லிவிட்டேன்.

"டேய் ரகு, எந்திரி. வாய் வச்சுக் குடி."