குரூப் போட்டோவில் நிற்கும் நீல டிரம்

அனுப்புநர்:
போட்டோக்காரி (கடை போர்டில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது),
ஸ்டுடியோ, மாடிப்படிக்குக் கீழே,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ப்புறம்.

பொருள்: எங்கள் தெருவில் பறிமுதல் செய்யப்பட்ட எலும்புக்கரி வடிகட்டியையும், கரி சுடும் இரும்புப் பெட்டியையும் திருப்பித் தருவது குறித்தும், மேற்படி வடிகட்டி தற்சமயம் தங்கள் அலுவலகத்தில் பார்த்துவரும் வேலை குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோபத்தை மறைத்து இந்த மனுவை எழுதிப் பார்த்தேன். இரண்டு தாள் வீணானதுதான் மிச்சம். ஆகவே மரியாதை குறையாமல், கோபத்தோடேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

தாங்கள் மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேறு இடத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். அதனால் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே யாரும் வாயைத் திறந்து படம் எடுத்துக்கொள்வதில்லை. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு அது தோதுதான். கல்யாணப் படத்துக்கு என்ன செய்வது? மணப்பெண் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். மாப்பிள்ளையும் அப்படியே நிற்பார். இருவரும் இப்போதுதான் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் போல இருக்கும். அடக்க முடியாமல் சிரித்துவிட்டவர்கள் மறுநாள் கடைக்கு வந்து, "அக்கா, பல்லை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுத்துருங்க" என்பார்கள். பழுப்புக் கறைகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்துக் கொடுப்பேன். சொல்லப்போனால், தங்கள் துறை அனுப்பும் தண்ணீரால் என் பிழைப்பு நன்றாகவே நடக்கிறது. அந்த வருமானம் எனக்கு வேண்டாம் என்று இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன்.

தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. தங்கள் துறைதான் சோதித்தது. சோதித்துவிட்டு, தெருக்குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தது. சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது என்று அர்த்தமாம். சரி, எதைக் குடிப்பது என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு இன்னும் எந்தக் கலரும் அடிக்கப்படவில்லை. பெயின்ட் உரிந்துவிட்டது. அதே குழாயில்தான் குடம் பிடிக்கிறோம்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பள்ளி முடிக்கப் போகிறாள். சிரிப்பு வந்தால் அவள் கை தானாக வாயை மூடும். தூங்கும்போது கனவில் சிரித்தால்கூட மூடுகிறாள், பார்த்திருக்கிறேன். அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மழுப்பாமல் சொல்லிவிட்டார்: "இவளுக்கு மேல்பூச்சு ஏதாவது பண்ணலாம்மா, கறையை அடியோட எடுக்க முடியாது. ஆனா இடுப்புல வெச்சிருக்கீங்களே, இந்தச் சின்னவளோட முன்பல்லு இப்போ ஈறுக்குள்ளதான் உருவாகிட்டிருக்கு. இவளுக்காவது தண்ணியை மாத்துங்க."

சின்னவளுக்கு இரண்டு வயது. பால்பல் விழுந்து முளைக்கப் போகும் பல் எப்படி இருக்க வேண்டும் என்பது இப்போது அவள் குடிக்கும் தண்ணீரில் முடிவாகிக்கொண்டிருக்கிறது. தங்கள் கோப்பு காத்திருக்கும், ஐயா. பல் காத்திருக்காது.

அதனால் நாங்களே செய்தோம். செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. பல் டாக்டர்தான் அச்சடித்த தாளாகக் கொடுத்தார். கறிக்கடைக்காரர் தூக்கிப் போடும் எலும்புகளை வாங்கிக் கழுவிக் காயவைத்து, காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் அடைத்துச் சுட்டால் கரியாகும். உடைத்து, சலித்து, அலசி, டிரம்முக்குள் கூழாங்கல்லுக்கு மேல் நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே குழாயில் குடிக்கிற தண்ணீர் வரும். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பதால் பெட்டிக்குச் செலவில்லை. அவருக்குக் கழுத்து திரும்பாது. கூப்பிட்டால் பஸ் திரும்புவது மாதிரி ஆளே திரும்புவார். ஃபுளோரைடு பல்லோடு நிற்காது, எலும்பிலும் இறங்கும்; அதுவும் இந்தத் தண்ணீரின் கொடைதான். எலும்பு சம்பந்தப்பட்டது வேண்டாம் என்று தெருவில் ஒரு வீட்டார் சொன்னார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

முதல் தடவை சொதப்பினோம். அவசரப்பட்டுச் சூடு போதாமல் இறக்கிவிட்டோம். தண்ணீரில் குடலைப் புரட்டும் நாற்றம். அதற்கு யாரோ தங்களுக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள், நியாயமான புகார். அன்றே அந்தக் கரியைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தடவை ஒழுங்காகச் சுட்டோம். நாற்றம் இல்லை, நிறம் இல்லை. டாக்டர் கொடுத்த சோதனை மருந்தைத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தோம், ஃபுளோரைடு அளவுக்குள் இருந்தது. அந்த ஒரு வீட்டைத் தவிர, தெருவில் உள்ள குழந்தைகள் எல்லாம் அதைத்தான் குடித்தார்கள். இப்படி எல்லாம் சரியான பிறகு தங்கள் வண்டி வந்தது. "அனுமதியற்ற அமைப்பு, பொதுமக்கள் உடல்நலத்துக்குக் கேடு" என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டு, டிரம்மையும் இரும்புப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேடு விளைவிக்கும் குழாயைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

தங்களை நேரில் வந்து பார்த்தேன். "கொதிக்க வெச்சுக் குடிங்கம்மா, எல்லாம் போயிடும்" என்றீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். சுவடு தெரியாமல் காணாமல் போக அது நான் முன்பு கொடுத்த மனு அல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் தங்கள் அலுவலகத்தில் குரூப் போட்டோ எடுக்க என்னை அழைத்தீர்கள். கோபம் கோபமாக இருக்க, தொழில் தொழிலாக இருக்கட்டும் என்று வந்தேன். இரண்டாம் வரிசையை நாற்காலி மேல் ஏற்றி, உயரமானவர்களைப் பின்னால் தள்ளி, கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிறேன்: தங்கள் வலது தோளுக்குப் பின்னால், டீ போடும் அறையின் வாசலில், எங்கள் நீல டிரம். என் வீட்டுக்காரர் பொருத்திய அதே குழாய். சின்னவள் பூனை என்று சொல்லிச் சாக்பீஸால் கிறுக்கியதுகூட அழியவில்லை. மேலே நான்கு டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அலுவலக உதவியாளரிடம் கேட்டேன். வெள்ளந்தியான மனிதர், சந்தோஷமாகச் சொன்னார்: "இதுல தண்ணி ரொம்ப நல்லா இருக்குக்கா. சாருக்கு டீயே இந்தத் தண்ணியிலதான். வேற தண்ணின்னா கப்பை அப்படியே வெச்சுடுவாரு." அவர்மேல் நடவடிக்கை ஏதும் எடுக்க வேண்டாம். இந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான பதில் அது.

ஐயா, எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது. எங்கள் குழந்தைகளுக்குக் கேடாக இருந்த தண்ணீர், தெருவைக் கடந்ததும் தங்கள் டீக்கு எப்படி நல்லதாயிற்று? பதிலை எழுத்துமூலம் தரவும்.

இன்னொன்று. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என் கடமை. கரி சில மாதம்தான் உழைக்கும், பிறகு புதுக் கரி போட வேண்டும். தங்கள் டிரம்மில் இருப்பது இந்நேரம் ஓய்ந்திருக்கும். தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே வரும், ருசியும் மாறாது, ஆனால் ஃபுளோரைடு முழுசாக உள்ளே இறங்கும். ஆக, தாங்களும் இப்போது எங்கள் தெருத் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள். வருக. புதுக் கரி சுட இரும்புப் பெட்டி வேண்டும், அது தங்கள் கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது. எங்களிடம் மிச்சமிருக்கும் கரியை ஒரு வாளியில் போட்டு, பல் முளைக்க வேண்டிய குழந்தைகளுக்கு மட்டும் வடித்துக் கொடுக்கிறோம். அதுவும் தீரப் போகிறது.

ஆகவே டிரம்மையும் பெட்டியையும் உடனே திருப்பித் தருமாறும், தெருவுக்கு நல்ல தண்ணீர் வரும் வரை எங்கள் வடிகட்டியில் கை வைக்காமல் இருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் ஆட்கள் வந்து தண்ணீரைச் சோதிப்பதானால் வாரா வாரம் வரட்டும், நாற்காலி போடுகிறோம். தராவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் அலுவலக வாசலுக்கு நேர் எதிரே, பட்டப்பகலில், புதுப் பெட்டியில் கரி சுடுவோம். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே தகடு வெட்டத் தொடங்கிவிட்டார். தடுக்க வருவதானால் வரலாம். நான் கேமராவோடு நிற்பேன்.

குரூப் போட்டோவை இத்துடன் இணைத்திருக்கிறேன். பின்னணியில் டிரம் தெரிவதாகவும் அதை எடுத்துவிடும்படியும் தங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அழிப்பது என் தொழில், இரண்டு நிமிட வேலை. அழிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தெருவே சிரிக்கக் காத்திருக்கும்
போட்டோக்காரி
(ஒப்பம்)

இடம்: தண்ணீர்த் தொட்டித் தெரு
நாள்: திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்

இணைப்பு:
1. தங்கள் அலுவலகக் குரூப் போட்டோ, டிரம்முடன்.
2. என் பெரிய மகளின் படம். வாய்விட்டுச் சிரிக்கிறாள். "கையை எடுத்துட்டே நிக்கிறேம்மா, அப்படியே அனுப்பு" என்று அவளே சொன்னாள். எந்தக் கறையையும் நான் தொடவில்லை.
3. சின்னவளின் படம் இன்னும் எடுக்கவில்லை. பால்பல் விழுந்து புது முன்பல் முளைத்ததும் எடுத்து, தாங்கள் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் தங்கள் பெயருக்கே அனுப்பி வைப்பேன். அது எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தாங்கள் இன்று முடிவு செய்யலாம்.