நீறிய சுண்ணாம்பும் நசீரா டீச்சரும்

1968 ஜூன் 12, புதன்

காலையில் தூறல், காற்று. சப்பாத்து இரண்டும் ஈரம். ஆய்வுகூடத்துக்கு வடிதாள் முடிந்துவிட்டது, எழுதிப்போட வேண்டும்.

கண்டியிலிருந்து புதிய தரவுப் புத்தகம் வந்தது. கடைசிப் பக்கங்களில் எந்திரப்பிப் பெறுமானங்கள், பொருளின் ஒழுங்கின்மைக்கு அளவு. உயர்தர வகுப்புக்கு நான் பதினொரு வருடமாகக் கொடுக்கும் விதிகள் மூன்று: வாயு உண்டானால் எந்திரப்பி கூடும். வாயு குறைந்தால் குறையும். திண்மம் நீரில் கரைந்தால் கூடும். கணக்குப் போடாமலே எதிர்வுகூறலாம் என்று பெருமையாகச் சொல்வேன்.

இன்று போட்டுப் பார்த்தேன். சுண்ணக்கல்லைச் சுடுதல்: கூடுகிறது, சரி. அமோனியா உண்டாதல்: குறைகிறது, சரி. கறியுப்புக் கரைதல்: கூடுகிறது, சரி. நீறிய சுண்ணாம்பு கரைதல்: குறைகிறது.

மூன்று தரம் கூட்டினேன். குறைகிறது.

நசீரா டீச்சர் சொன்னதும் இதுதான்.

ஜூன் 13, வியாழன்

நடந்ததை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வசதியாக மாற்றிக்கொள்வேன்.

மாசி மாதம். நசீரா டீச்சர், தற்காலிக நியமனம், பட்டம் முடித்து வந்த புதிது. அவருடைய பாடத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை எனக்கு. வகுப்பின் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சூடாக்கினார். கலங்கியது.

"சூடாக்கினா குறைவாத்தான் கரையுது. அப்படீன்னா கரையும்போது வெப்பம் வெளியாகுது. எந்திரப்பியும் கூடுதுன்னா தாராளமாக் கரையணுமே? கொஞ்சந்தானே கரையுது. அதனால எந்திரப்பி குறையுது. கல்சியம் அயன் தண்ணி மூலக்கூறுகளைத் தன்னைச் சுத்தி இழுத்துப் பிடிச்சு வச்சிக்கிது."

நான் எழுந்து நின்றேன். "திண்மம் கரைஞ்சால் கூடும். பிள்ளையளைக் குழப்பாதேங்கோ, டீச்சர். மூச்சுக் காத்துப் பட்டுக் கலங்கியிருக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் ஸ்பிரிட் விளக்கை அணைத்தார்.

அறிக்கையில் என் வரி: "அடிப்படை விளங்கவில்லை." சித்திரையோடு நியமனம் நின்றது.

தெரியாமல் பிழை விடுவது எல்லாருக்கும் வரும். ஆனால் அவர் சொன்ன காரணம் சரியாக இருக்கலாம் என்று அன்றைக்கே ஒரு கணம் மனதில் பட்டது. பட்ட பிறகுதான் எழுந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

அதிபரிடம் கடிதம் கொடுத்தேன். முழுவதும் படித்தார்.

"இப்ப என்ன செய்யலாம், மாஸ்டர்? அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சு."

"என்ரை அறிக்கை பிழை எண்டாவது மேலிடத்துக்கு அறிவியுங்கோ."

"பாப்பம்." கடிதம் மேசை லாச்சிக்குள் போனது. லாச்சி இறுகி, இரண்டு தரம் தள்ளித்தான் பூட்டினார்.

சளி. கொத்தமல்லி வாங்க மறந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

போயா விடுமுறை, பள்ளி இல்லை. பஸ்ஸில் அலுவிகாரை. கேட்டுக் கேட்டு நசீரா டீச்சர் வீடு. முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயவிட்டிருந்தது. அவருடைய வாப்பா வியாபாரி. கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"மகள் இப்ப நாவுலப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறா, மாஸ்டர். உட்காருங்க, வருவா."

நசீரா டீச்சர் தேத்தண்ணீரோடு வந்தார். மெலிந்திருக்கிறார். கணக்குத் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

"ஐதரொட்சைட்டு அயன் ரெண்டு, சேர். ஒன்னுக்குத்தான் போட்டிருக்கீங்க. ரெண்டும் போட்டா இன்னும் கீழ போகும்."

மூன்று தரம் கூட்டியவன் நான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, டீச்சர்" என்றேன்.

தாளை மடித்துத் திருப்பித் தந்தார். "வீடு தேடி வந்து சொன்னதுக்குச் சந்தோசம், சேர். ஆனா அன்னைக்கு என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லலயே. பிள்ளைகளுக்கு முன்னாலதானே சொன்னீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 19, புதன்

வெயில். முதற்பாடம் உயர்தர வகுப்பு. வரவு இடாப்புக் கூப்பிடாமலே தொடங்கினேன். "மாசியிலை நான் சொன்னது பிழை. நசீரா டீச்சர் சொன்னதுதான் சரி." கணக்கு முழுவதையும் கரும்பலகையில் எழுதினேன், ஐதரொட்சைட்டு இரண்டும் சேர்த்து.

திரும்பினால் ஒருவரும் எழுதவில்லை.

"ஏன் எழுதேல்லை?"

முன் வாங்கு ராஜேஸ்வரி எழுந்தாள். "எங்க கொப்பியில இருக்கு, சேர். டீச்சர் போறதுக்கு முன்னாடி வெளங்கப்படுத்திட்டுத்தான் போனாங்க."

"அப்ப தவணைப் பரீட்சையிலை சுண்ணாம்புக் கேள்விக்கு எல்லாரும் 'கூடும்' எண்டுதானே எழுதினீங்கள்?"

மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு என்னை.

"திருத்துறது நீங்கதானே, சேர்."

இருபத்திரண்டு விடைத்தாள். எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தேன்.