ஆறாம் கம்பியை இறக்கியவள்

நேற்று சாயங்காலம் உன் தம்பி ஆட்டோவில் வந்து உன் கிட்டாரை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். "உங்ககிட்ட குடுக்கணும்னு அக்கா சொல்லியிருந்தது" என்றான். உறையைக் கழற்றி ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தேன். பிறகு சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியிலிருந்து அந்த வாடை போகவில்லை. துருவும் பழைய வியர்வையும் கலந்த இரும்பு வாடை. காலையில் தோசைக்கல்லில் மாவை ஊற்றும்போதும் அதுதான் மூக்கில் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீயும் நானும் பேசியது பாதித் தமிழ், பாதி மலையாளம். மட்டாஞ்சேரியில் பிறந்த நமக்கு அது ஒரே மொழிதான். எழுத உட்கார்ந்தால் மட்டும் எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வந்துவிடுகிறது. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

பாட்டு என்றால் எனக்குப் பாடுகிறவர் குரல்தான். உனக்கு அப்படியில்லை. படகுத்துறைக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் ரேடியோ பாடும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாய். "இது நைலான் கம்பி. நகம் படுது, கேளு." இன்னொரு பாட்டு வரும். "இது பன்னிரண்டு கம்பிடி. ரெண்டு ரெண்டா விழுது பாரு." ஊரே முணுமுணுத்த ஒரு காதல் பாட்டைக் கேட்டு, "இது வயிறு காலியான கரண்டு கிட்டார். வாசிச்சவர் கொஞ்சம் கோபக்காரர்" என்றாய். கடைக்காரச் சேட்டன் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்.

அந்த மழைப்பாட்டைப் பற்றி மட்டும் நீ எங்கேயும் வாய் திறந்ததில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று ஹர்த்தால். பஸ் இல்லை, போட் இல்லை. எர்ணாகுளத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் கோரஸ் பாட ஆறு பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாளே வந்து கலூரில் உன் அத்தை வீட்டில் தங்கியிருந்ததால் நீயும் நானும் மட்டும் நடந்தே போய்ச் சேர்ந்தோம். கிட்டார்காரர் வரவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கிறவரும் வரவில்லை. மறுநாள் காலையில் பாடகர் சென்னையிலிருந்து வருகிறார், அதற்குள் பின்னணி பதிவாகியிருக்க வேண்டும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் தேவாலயத்தில் கோயர் பயிற்சி இருக்கிறதென்று நீ கிட்டாரையும் சுமந்து வந்திருந்தாய். அவர் அந்த உறையைப் பார்த்தார். "குட்டி, அது வாசிக்க அறியுமோ, வெறுதே சுமக்கறதோ?"

உன் கிட்டாரில் ஆறாம் கம்பியை முறுக்கும் சாவி தேய்ந்துபோயிருந்தது. சரியான சுருதிக்கு ஏற்றினால் நிற்காமல் நழுவும். அதனால் அந்தக் கம்பியை ஒரு சுரம் இறக்கியே வைத்து, அதற்குத் தகுந்தபடி விரலை மாற்றிப் பழகியிருந்தாய். அவர் பாடிக் காட்டிய மெட்டை வாசித்துக்கொண்டே வந்து, முடிவில் அந்த இறங்கிய கம்பியைத் தட்டினாய். தூரத்தில் எங்கோ இடி உருண்ட மாதிரி இருந்தது. அவர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார். "அதுதான். அங்கேதான் மழை தொடங்குது" என்றார்.

மூன்றாம் தடவை வாசித்ததைப் பதிவில் எடுத்துக்கொண்டார்கள். கிட்டார்காரர் சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தபோது மத்தியானம் மணி பன்னிரண்டு. வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பேரெடுத்த மனிதர் அவர். கேசட் வந்தபோது கிட்டார் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது.

அந்தப் பாட்டு ஓடின ஓட்டம்! கல்யாண வீடு, தேவாலயப் பெருநாள், கோயில் உற்சவம், ஓடுகிற பஸ். கானமேளா மேடைகளில் அந்த முதல் நாலு சுரம் கேட்டாலே ஜனங்கள் விசில் அடிப்பார்கள். நான்தான் கொதித்தேன். நீ, "பாட்டு நல்லா வந்திருக்கா இல்லையா? அதச் சொல்லு" என்று என் வாயை அடைத்தாய். நானும் நம்பிவிட்டேன். ஆனால் என் தங்கை கல்யாணத்தில் அதைப் போட்டபோது நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாய். பாட்டு முடியும்வரை குழாயடியிலேயே நின்றாய். அதை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு நான் அப்பாவைப் போலவே கார்ப்பரேஷன் வேலைக்குப் போனேன். நீ பள்ளுருத்தியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாய். நாள் முழுக்க ஐஸுக்குள் கை. விரல்கள் வீங்கி, மோதிரம் கழற்ற முடியாமல் அறுத்தெடுத்தோமே. அந்தக் கையோடும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசித்தாய்.

போன வருஷம் ஓணம் கழிந்து கலூரில் ஒரு ஹாலில் நிகழ்ச்சி என்றார்கள். புகழ்பெற்ற பழைய பாட்டுகள், அவற்றை வாசித்த அதே கிட்டார்கள், வாசித்த அதே கலைஞர்கள். பாட மட்டும் புதுக் குரல்கள். என் மகள் சுஜாவுக்கு மழைப்பாட்டு கிடைத்தது. ஆறு வருஷம் பின்வரிசையில் கோரஸ் பாடின பெண்ணுக்கு முதல் தனி மேடை. உன்னிடம் மறைக்க முடியவில்லை. நீயே, "நானும் வரேன்" என்றாய்.

பஸ்ஸில் தோப்பும்படி பாலம் தாண்டுகிறவரை பொறுத்தேன். பிறகு கேட்டுவிட்டேன். "இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம்டி. அவ பாடி முடிக்கட்டும்."

"நான் பாட்டு கேக்கத்தானே வரேன்" என்றாய், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹால் நிறைந்திருந்தது. மேடையில் வரிசையாகக் கிட்டார்கள். ஒவ்வொன்றின் மேலும் விளக்கு. நீ குழந்தை மாதிரி என் காதில் அடுக்கினாய்: அது நைலான், அது பன்னிரண்டு கம்பி, அந்தச் சிவப்புதான் வயிறு காலி. மூன்று பாட்டு நன்றாகப் போயிற்று. நாலாவதாக அந்தக் கிட்டார்காரர் வந்தார். முடியெல்லாம் நரைத்து, நடை தளர்ந்து, தேன் நிறக் கிட்டாரோடு.

தொகுப்பாளர் அந்தப் பதிவைப் பற்றிக் கேட்டார். அவர் சொல்லத் தொடங்கினார். அன்று ஹர்த்தால். பஸ் இல்லை. இந்தக் கிட்டாரைச் சுமந்து நடந்தே ஸ்டூடியோவுக்குப் போனேன். இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, அங்கேதான் மழை தொடங்குகிறது என்றார்.

உன் கதையை, சொல் மாறாமல், அவர் கதையாகச் சொன்னார். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். வளையல் தோலில் அழுந்தியது. சுஜா மைக் முன்னால் வந்து நின்றாள். அவர் ஆரம்ப இசையை வாசித்தார். இறங்கி இறங்கி வந்து, கடைசிச் சுரத்தை மேலே எடுத்துவிட்டார். இடி வரவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். நீ எழுந்துவிட்டாய். உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருடி, உன் காலைப் பிடிக்கிறேன்." நீ உட்காரவில்லை.

"சார், அந்தக் கடைசிச் சுரம் வரலையே." மலையாளத்தில், சத்தமாக.

தொகுப்பாளர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கிட்டார்காரர் மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார். "அது பேஸ் கிட்டார், சகோதரி. என்னுடையதில் வராது."

"அன்னைக்கு பேஸ் கிட்டாரே இல்லையே சார். ஹர்த்தால். அதை வாசிக்கிறவரும் வரலை. அது கிட்டாரோட ஆறாம் கம்பி. இறக்கி வச்சு வாசிச்சது. நான்தான் வாசிச்சேன்."

ஹால் சலசலத்தது. பின்னாலிருந்து யாரோ, "உக்காரச் சொல்லுங்க அந்தம்மாவை" என்றார்கள். நீ திரும்பி என்னைக் காட்டினாய். "இவளும் அங்கே இருந்தா. இவகிட்ட கேளுங்க."

மைக் என் முகத்துக்கு வந்தது. மேடையில் சுஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட வாய் திறந்தவள் அப்படியே நின்றிருந்தாள். ஆம் என்று சொன்னால் நிகழ்ச்சி நாறிவிடும், இவளை இனி யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

"எனிக்கு ஓர்மையில்லா" என்றேன்.

ஞாபகமில்லை என்று தமிழில் சொல்ல நா வந்திருக்காதோ என்னவோ. மலையாளத்தில் சொன்னாலும் பொய் பொய்தான்.

நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு தொண்டர் வந்து உன் முழங்கையைத் தொட்டார். நீ பையை எடுத்துக்கொண்டு நகரத் தொடங்கினாய்.

அப்போதுதான் அந்த மனிதர், "அவரை இங்கே வரச் சொல்லுங்கள்" என்றார்.

படி ஏறும்போது உன் செருப்பு ஒன்று கழன்றது. நீ திரும்பி எடுக்கவில்லை. அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார், கிட்டாரையும் கொடுத்தார். நீ ஆறாம் கம்பியின் சாவியைத் திருப்பினாய். அது முனகிக்கொண்டே இறங்கியது. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். தொடங்கினாய். மூன்றாம் சுரத்திலேயே வீங்கின விரல் கம்பியில் சரியாக உட்காராமல் 'டொக்'கென்று சத்தம். பின்வரிசையில் சிரித்தார்கள். நீ விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதினாய். சேலையில் தேய்த்தாய். மறுபடி முதலிலிருந்து.

பாதி வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. இறங்கி, இறங்கி, அந்தச் சுரத்துக்கு வந்தாய். அந்த இடி நாற்காலிக் கைப்பிடியில் வைத்திருந்த என் கை வரைக்கும் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த சத்தம் அது. சுஜா யாரையும் பார்க்கவில்லை, தன் இடம் வந்ததும் பாட ஆரம்பித்தாள்.

பாட்டு முடிந்ததும் அவர் மைக்கை வாங்கினார். "அன்று நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான் வாசித்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் மறுத்தேன். பிறகு மறுக்கவில்லை. கடைசியில் நானே நம்பிவிட்டேன்." உன் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன்.

கூட்டம் கரைகிற வரை கழிவறையில் நின்றுவிட்டு வெளியே வந்தேன். நீ இல்லை. தனியாகப் போய்விட்டாய், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு கலூர் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மட்டாஞ்சேரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இரண்டாவது ஜன்னலில் நீ. பக்கத்துச் சீட்டில் உன் பை. என்னைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய்.

"ஏறுடி. எடுக்கப் போறான்."

பாலம் ஏறினதும் நீ சொன்னது இவ்வளவுதான்: "சுஜா நல்லா பாடினா. ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் அவசரம்."

அன்று வீட்டில் சுஜா தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். "அம்மா, உனக்கு நெஜமாவே ஓர்மையில்லையா?"

"இருக்கு."

"எனக்காகவா அப்படிச் சொன்ன?"

தலையாட்டினேன்.

"அப்போ அதை என் தலையில போடாதே" என்று எழுந்துபோனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவும் இல்லை. அடுத்த மாதமே அவளை வேறு மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

உன் வீடியோ ஒரு வாரம் எல்லார் போனிலும் சுற்றியது. நீ திங்கட்கிழமையே ஷெட்டில் ஐஸுக்குள் கை வைத்துக்கொண்டிருந்தாய். நாலு மாதம் கழித்து நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே யாரும் இல்லாத நேரம் பார்த்து, மனசுக்குள் எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். "நான் பார்த்தேன்டி. நீதான் வாசிச்ச. எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கு."

நீ கண்ணைத் திறந்தாய். "என்கிட்ட எதுக்குடி சொல்ற? நானும் அங்கதானே இருந்தேன்." பிறகு கஞ்சி கேட்டாய். மூன்று ஸ்பூன் குடித்தாய். மன்னித்தாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரெண்டு நாளில் போய்விட்டாய்.

நீ சொன்னது சரி. உனக்குத் தெரிந்ததை உன்னிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? தெரியாதவர்களிடம் சொல்லாத கடன் அப்படியே கிடக்கிறது.

இதுவரை எழுதி வைத்துவிட்டு இன்று மத்தியானம் பள்ளுருத்திக்குப் போனேன், பஸ்ஸில் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். பக்கத்தில் கப்பைக்கிழங்கு வாங்கின பையோடு ஒரு பெண். அந்த இடி வருகிற இடத்தில் அவள் காலால் தாளம் போட்டாள். எனக்குப் பயம் வந்தது. இத்தனைக்கும் யாரும் என் முகத்துக்கு மைக் நீட்டவில்லை. அந்தப் பாட்டைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், அந்த ஹாலின் பயம் அப்படியே திரும்பி வரும். அதோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

"இந்தக் கிட்டார் வாசிச்சது ஆருன்னு தெரியுமா?" என்றேன்.

அவள் தெரியாதென்று தலையசைத்தாள். உன் பெயரைச் சொன்னேன், வீட்டுப் பெயரோடு சேர்த்து முழுசாக. "மட்டாஞ்சேரிக்காரி" என்றும் சொன்னேன்.

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்றாள்.

"நான் பார்த்தேன்" என்றேன். "பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."