சுவரில் இருந்த உன் அம்மா

புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. நேற்று ஒன்று பார்த்தேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கந்தப்பளையிலிருந்து ராகலைக்குப் போகிற பாதையில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்து, பிறகு ஆள் இல்லாமல் கிடந்ததே ஒரு பழைய லயம், அதைப் புதுப்பித்து, சுற்றுலா வருகிறவர்கள் இறங்கிப் பார்க்கிற இடமாக்கிவிட்டார்கள். நீ இறந்த பிறகுதான் திறந்தார்கள். ஓர் அறையில் தேநீர்க் கடை. மற்ற அறைகளில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, சுவர் நிறையப் பழைய படங்கள். கொழும்புக் குடும்பம் ஒன்றை வேனில் கூட்டிப்போயிருந்தேன். அவர்கள் தேநீர் குடிக்கட்டும் என்று நான் சும்மா உள்ளே நடந்தேன்.

கடைசி அறையில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

ஆளுயரப் படம். தலையில் கூடை மாட்டிய ஒரு பெண். அவள் சேலையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளையின் இடது புருவத்தைப் பிளந்துகொண்டு அந்தத் தழும்பு. நடக்கப் பழகிய வயதில் நாம் இருவரும் கட்டிப் புரண்டு லயத்துப் படியில் விழுந்த அன்று உனக்கு வந்தது அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் ஒரே வேனை மாறி மாறி ஓட்டிய வருடங்கள் நினைவுக்கு வந்தன. நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவு, வெள்ளைக்காரர் காலத்துத் தேவாலயம், ரயில் பாலம் என்று எங்கே நிறுத்தினாலும், தலை நரைத்த வெளிநாட்டுக்காரர் யாராவது இறங்கினால் நீ பக்கத்தில் போய்விடுவாய். முன்பு வந்திருக்கிறீர்களா, தோட்டத்து ஆட்களைப் படம் எடுத்தீர்களா என்று உனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்பாய். உனக்கு நினைவு தெரிவதற்குள் அம்மா பிரசவத்தில் போய்விட்டார். தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டைகூட இல்லாத காலம், படத்துக்கு எங்கே போவது? ஒருநாள் வேனைக் கழுவியபடி சொன்னாய்:

“படம் புடிச்சிக்கிட்டுப் போனவங்க வீட்டுப் பெட்டியில எங்கயாவது எங்கம்மா இருக்கும்டா. மொகத்த ஒரு தடவ பாத்தாப் போதும்.”

படத்துக்குக் கீழே “கொழுந்து பறிக்கும் பெண்” என்று மட்டும் எழுதியிருந்தது. கடையில் இருந்த பெண்ணிடம் இவர் யார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

“வெளிநாட்டுல ஒரு பெரியவர் செத்துப்போனப்பறம், அவரு புள்ளைங்க பெட்டியில இருந்து எடுத்து அனுப்பினாங்களாம்.”

நீ சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, உனக்கு மட்டும் காட்டாமல்.

நுவரெலியாவில் வேலை செய்கிற உன் மகளுக்குப் போன் போட்டேன். என்ன ஏது என்று சொல்லாமல், உடனே வா என்றேன். ஏதோ ஆபத்து என்று பயந்து பஸ் பிடித்து ஓடி வந்தாள். கொழும்புக்காரர்கள் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள்.

உன் மகள் படத்தின் முன்னால் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, என்னையவிட சின்னப் புள்ளையா இருக்காங்களே.”

எனக்கு அது தோன்றவே இல்லை. நீ தேடிய அம்மாவுக்கு இருபதுகூட இருக்காது.

கடைப் பெண் பழைய தாளை எடுத்துவிட்டு, நாங்கள் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதி ஒட்டினாள். பாக்கியம் என்று உன் அம்மாவின் பெயர். கீழே உன் பெயர். மேலிடத்தில் கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

கண்ணை மூடினால் அந்தப் படம்தான் நிற்கிறது. படம் எடுத்தவர் தன்னைப் பார்க்கச் சொல்லியிருப்பார். பிள்ளை நீ, பயந்துபோய் அவரைத்தான் பார்க்கிறாய். உன் அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. குனிந்து உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.