காரணம் சொல்லாதவள்

4 அக்டோபர் 2021, திங்கள்

இன்று பல்கலைக்கழகச் சுற்றறிக்கை வந்தது. நவம்பர் முதல் மாணவர், ஆசிரியர், ஊழியர் யாரானாலும் இரண்டு தடுப்பூசி போட்டிருந்தால்தான் வாசலுக்குள் விடுவார்கள். “அப்பாடா!” என்று உரக்கவே சொன்னேன். ஜூன் மாதம் கொரோனா வார்டில் நர்ஸுகள் நாங்கள் பட்டது போதும். செயல்முறை அறையில் என்னோடு வேலை பார்க்கும் பிளாசிதா மட்டும் ஊசிக்குழாய்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

15 அக்டோபர்

பிளாசிதா இன்னும் போட்டுக்கொள்ளவில்லையாம்! நர்சிங் மாணவிகளுக்கு ஊசி போடக் கற்றுத்தருகிற அறையில் இருந்துகொண்டு!

“ஊசின்னா பயமாடி?” என்று எல்லார் முன்னாலும் கிண்டலடித்தேன்.

“ஆமா, பயந்தான்” என்றாள். சிரிக்கவில்லை.

29 அக்டோபர்

விலக்குக் கேட்பவர்களை விசாரிக்கும் குழுவில் நானும் உண்டு. ஜூன் வரைக்கும் தவணை கேட்டு பிளாசிதா வந்து நின்றாள். காரணம் என்ன என்று தலைவர் இன்ஸ்ஃபிரான் கேட்டார்.

“சொந்த விஷயம், டாக்டர்.”

அவர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் குடுக்க முடியாது பிளாசிதா. உனக்கும்தான்” என்றேன்.

தோழி என்று சலுகை காட்டவில்லை. சரியாகத்தான் செய்தேன். பிறகு ஏன் இதை இங்கே எழுதி வைக்கிறேன்?

2 நவம்பர்

வாசலில் காவலாளி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். “எம்மேல கோவிச்சுக்காதீங்கம்மா” என்றாராம். “உங்கமேல எனக்கென்னய்யா கோவம்” என்றாளாம்.

23 நவம்பர்

பிளாசிதா என் போனை எடுப்பதில்லை.

19 டிசம்பர், ஞாயிறு

ஒப்பந்த வேலைதானே, அடுத்த வருடத்துக்கு அவளுக்குப் புதுப்பிக்கவில்லை. கேள்விப்பட்டதும் வீட்டுக்கே போனேன். தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற தென்னம்பூவின் வாசனை. கணவன் கிறிஸ்பின் கதவைத் திறந்தான். அவள் பின்னால் வந்து நின்றாள், வயிற்றில் கை வைத்தபடி.

நாற்பத்தொரு வயதில்! ஏற்கெனவே இரண்டு கலைந்தவள். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவள் நான். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

“ஏன்டி சொல்லல? கர்ப்பிணிங்களும் போட்டுக்கலாம்டி. நானே எல்லாத்தையும் விளக்கியிருப்பேனே!”

“வெளிய சொன்னா இதுவும் தங்காதோன்னு பயம். நீ தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் பெர்லா. நீ சீட்டுத்தானே கேட்ட?”

உள்ளே கூப்பிடவில்லை. வெயிலிலேயே நின்று திரும்பினேன்.

20 ஜனவரி 2022

வார்டு மறுபடி நிரம்புகிறது. மூச்சிரைக்கும் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். முகத்தைப் பார்க்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பிளாசிதா இல்லை.

12 ஏப்ரல்

தடுப்பூசி விதியை எடுத்துவிட்டார்கள். ஓடிப்போய் இன்ஸ்ஃபிரானிடம் பிளாசிதாவைப் பற்றிக் கேட்டேன். “அந்த இடத்துக்குத்தான் வேற ஆள் வந்தாச்சேம்மா. இப்ப போய் என்னத்தக் கேக்குறீங்க?” என்றார். விதி தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. விதியின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கக்கூட வழியில்லை.

9 ஜூலை

சந்தையில் பிளாசிதா! எங்கள் ஊர் ஜூலைக் குளிருக்குக் கம்பளிக்குள் குழந்தை. பெண். மூக்கு அப்படியே கிறிஸ்பின்.

அவளாகவே சொன்னாள்: “ஊசி போட்டுக்கிட்டேன், தெரியுமா? ஜனவரியில ஒண்ணு, பிப்ரவரியில ஒண்ணு.”

“யாரு சொல்லி?”

“எங்க பக்கத்து சுகாதார நிலையத்துல நிமியான்னு ஒரு நர்ஸ். சின்னப் பொண்ணு. ஒரு மத்தியானம் பூரா என்னை அழ விட்டா. அப்புறம், ‘இப்ப என்னக்கா பயம், சொல்லுங்க’ன்னா. சொன்னேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ஒரு மத்தியானம்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். நிமியாதான் ஞானத்தாய்” என்றாள். குழந்தையின் கம்பளியை இழுத்துவிட்டு, “வர்றதுன்னா வா” என்றாள்.

17 ஜூலை, ஞாயிறு

போனேன். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தண்ணீர் பட்டதும் குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. நிமியா அதைத் தோளில் போட்டுத் தட்டினாள், உடனே அடங்கிவிட்டது.