மேல்வீட்டம்மாவின் ஜடை

அக்கா,

நைட் டியூட்டி களைப்பில் அப்படியே படுத்துவிடாதே, இதைப் படித்துவிட்டுத் தூங்கு. சூப் அடுப்பில் இருக்கிறது. பாதியை ராத்திரிக்கு வை, மேல்வீட்டுத் தையல்காரம்மா சாப்பிட வருகிறார்கள். நம் மாற்றுச் சாவியை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். கதவு தானாகத் திறந்தால் அலறாதே.

நேற்று ஜெபத்தில் நான், "ஆண்டவரே, அவங்களுக்கு ஆறுதலா யாரையாவது அனுப்பும்" என்றதும் நீ ஒரு கண்ணைத் திறந்து, "ஏன்டி, உனக்குக் கால் இல்லையா?" என்றாய். ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியாதா?

ஆனாலும் காலையில் மேலே போனேன். தையல் மெஷின் சத்தம் நின்றதும் ஏதோ பெரிய துக்கம் என்று நாமே முடிவு கட்டினோம் அல்லவா? துக்கமெல்லாம் இல்லை, மணிக்கட்டில் அடி. கதவைத் திறந்ததும், "ஜடை பின்னத் தெரியுமாம்மா? ஒத்தைக் கையால முடியலை" என்றார்கள். பின்னிவிட்டேன், கொஞ்சம் கோணல். ஒரு வாரமாக நாம் கேட்டது மன ஆறுதல். அவர்களுக்கு வேண்டியிருந்தது சீப்பு பிடிக்க ஒரு கை.

மணிக்கட்டில் துணிக்கட்டு அவர்களே போட்டுக்கொண்டது. நர்ஸம்மா, ராத்திரி நீ பிரித்துப் பார்க்கவும்.

அப்போதிருந்து ஒரே யோசனை: என்னை மேலே அனுப்பியது ஆண்டவரா, உன் வாயா? பிரித்தறிய நான் வேலை பார்க்கும் லேபில் சோதனை எதுவும் இல்லை.

பி.கு.: நான் போனபின் நீ ஆமென் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் அப்படியே வைத்திரு. ராத்திரி சேர்ந்து சொல்லலாம். அவர்களும் இருக்கிறேன் என்றார்கள்.