என் மகள் கிராசியாவின் கழுத்தில் வரையப்பட்ட பட்டை குறித்து

அனுப்புநர்
பஸ்தியான் தியாஸ்,
முன்னாள் மாலுமி,
ரொட்டிக் கடைக்குக் கீழ் நிலவறை,
யூதர் அகலத் தெரு,
ஆம்ஸ்டர்டாம்.

பெறுநர்
மாண்புமிகு நகரத் தலைவர் அவர்கள்,
நகர மன்றம், டாம் சதுக்கம்,
ஆம்ஸ்டர்டாம்.

பொருள்: அலைடா அம்மையார் வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் என் மகளைக் கப்பலேற்றாமல் தடுக்கக் கோருதல், அவளைப் பற்றி நான் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அண்டை வீட்டு யானஸ் எழுதுகிறார். என் மேல் குற்றம் வராதபடி சில இடங்களை மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

1. நான் லிஸ்பனில் ஒரு வணிகருக்கு உடைமையாக இருந்தவன். முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் கரையிறங்கினேன். இந்த ஊர்ச் சட்டத்தில் அடிமை கிடையாது என்பதால் அன்று முதல் யாருக்கும் உடைமை இல்லை. என் மகள் கிராசியா இங்கேயே பிறந்தவள். ஒரு நாளும் அடிமையாக இருந்ததில்லை. அவள் ஞானஸ்நானம் எங்கள் பாதிரியாரின் வீட்டு மாடியில் நடந்தது. எங்கள் கத்தோலிக்க வழிபாட்டுக்கு இந்த ஊரில் வெளிப்படையான அனுமதி இல்லை, ஆகவே அந்தப் பதிவேடு தங்கள் மேசைக்கு ஏன் வர முடியாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

2. கடல் வேலையை விட்ட பிறகு ஓவியர் கோவர்ட் அவர்களின் பட்டறையில் சாயம் அரைத்து வந்தேன். பல படங்களுக்கு நானே மாதிரியாக உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறை கிழக்கத்திய ராஜா ஆனேன். ஒரு முறை தலை வெட்டுகிறவன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அலைடா அம்மையார் தம்மை வரையச் சொல்லி வந்தார். பக்கத்தில் ஆரஞ்சுத் தட்டு ஏந்தி நிற்க ஒரு கறுப்புப் பெண் வேண்டும் என்றார். கிராசியாவுக்கு அப்போது பதினாறு வயது. நான்தான் அழைத்துப் போனேன்.

3. ஓவியர் தம் பெட்டியிலிருந்து, அடிமைகளுக்குப் பூட்டுவது போன்ற ஒரு கழுத்துப்பட்டையை எடுத்தார். "கறுப்புக் கழுத்துல வெள்ளி நல்லா எடுக்கும் பஸ்தியான், மாட்டி விடு" என்றார். அது வெள்ளி அல்ல, மெருகு போட்ட தகரம். வேட்டை நாய்க்குச் செய்தது. அதே பட்டறையில் வரைந்த இன்னொரு படத்தில் அதே பட்டை ஒரு நாயின் கழுத்திலேயே இருக்கிறது. அந்தப் படம் இன்றும் விற்காமல் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. பட்டை சிறியது, கிராசியாவின் கழுத்துக்குப் பின்னால் முனைகள் சேரவில்லை. நான் நூல் கொடுத்துக் கட்டினேன். "அப்பா, இது வேணாமே" என்றாள். "வெறும் சாயம்தானேம்மா" என்றேன். ஒன்பது நாள், ஒவ்வொரு காலையும் நானே கட்டினேன். ஓவியர் முன்பக்கத்தை மட்டும்தான் வரைந்தார்.

4. ஏழாம் நாள் அம்மையாரைப் பார்க்கக் கப்பல் தலைவர் யோஸ்ட் வந்தார். படத்தைப் பார்த்தார், பிறகு கிராசியாவை ஏற இறங்கப் பார்த்தார். சாயக் கல்லோடு நின்ற என்னிடம், "இது யாரோடது?" என்று கேட்டார். அம்மையார் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான், "அம்மாவோடதுங்க" என்றேன்.

5. யோஸ்ட் படத்தைப் பற்றிக் கேட்டதாக நினைத்துப் பதில் சொன்னேன் என்று எழுதலாம் என்பது யானஸின் யோசனை. அது பொய். அவர் விரல் நீட்டியது என் மகளை நோக்கி. புரிந்துதான் சொன்னேன். லிஸ்பனில் பெரிய மனிதர் எது கேட்டாலும் அவருக்குப் பிடித்த பதில்தான் முதலில் வாயில் வர வேண்டும். அப்படிப் பழக்கப்பட்ட வாய் இது. ஆனாலும் ஐயா, லிஸ்பனை விட்டு இருபத்தாறு ஆண்டு கழித்து, என்னை யாரும் அடிக்க முடியாத ஊரில் நின்றுகொண்டு சொன்னேன். கிராசியாவுக்கும் எனக்கும் நடுவே நாலடி தூரம்கூட இல்லை. அவள் திரும்பவில்லை, தட்டுகூட ஆடவில்லை. "அப்படியே இரு கண்ணு, இன்னைக்குத்தான் நல்லா நிக்கிற" என்று ஓவியர் பாராட்டினார். வீடு வரும் வழியில் அவள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

6. இரண்டு ஆண்டுகளாகக் கிராசியா அம்மையார் வீட்டில் கூலிக்குத் தையல் வேலை செய்கிறாள். இப்போது அம்மையார் மகனோடு, அடிமைச் சந்தை நடக்கும் குராசோ தீவுக்குக் குடிபோகிறார். உடன் வர மாட்டேன் என்று கிராசியா சொன்னதும் மாடி அறையில் பூட்டிவிட்டார்கள். நான் வாசலில் நின்று கேட்டபோது அம்மையார் கோபப்படவில்லை. "பெரியவரே, படத்தைப் பார்த்தவங்க எல்லாருக்கும் அவ யாருன்னு தெரியும். நீங்களே சொன்னதுக்கு யோஸ்ட் சாட்சி" என்றார். இங்கே அவள் வேலைக்காரி. அந்தத் தீவில் இறங்கினால் அவள் விலைக்குரியவள். யோஸ்ட் அவர்களின் கப்பல் டெக்ஸல் தீவுத் துறையில், புறப்படுவதற்குக் கிழக்குக் காற்றுக்காகக் காத்து நிற்கிறது.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது:

காற்று திரும்புவதற்குள் ஓர் அதிகாரியை அனுப்பி அந்த அறையைத் திறக்க வேண்டும். பட்டையைப் பட்டறையிலிருந்து எடுத்து வரச் செய்து, கிராசியாவின் கழுத்தை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைப் பட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். அது அவளுக்குச் செய்ததல்ல என்பது அப்போது தெரியும். பட்டையை மறுபடி அவள் மேல் மாட்டிப் பார்க்க வேண்டாம்.

என்னையும் யோஸ்ட் அவர்களையும் மன்றத்துக்கு அழைத்து, அன்று கேட்ட அதே கேள்வியை அவர் என்னிடம் கேட்கச் செய்ய வேண்டும். கிராசியா அங்கே இருக்க வேண்டும். பொய் சொன்னதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன்.

அவளை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கதவைத் திறந்துவிட்டால் போதும். எந்தப் பக்கம் போவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இடம்: ஆம்ஸ்டர்டாம்
நாள்: 11 ஏப்ரல் 1668

தலைகுனிந்து நிற்கும்,
பஸ்தியான் தியாஸ்
(சிலுவைக் குறி, அவர் கையால் இட்டது)

சொன்னதைச் சொன்னபடியே எழுதியவர்: யானஸ்